தேயிலை மலைகளுக்கு நடுவே கல்குவாரியைச் செய்மதிப் படத்தில் பிரித்தறிவது எப்படி?

கேள்வி: நோர்ட்டன் மாணவி

வணக்கம். நான் புவியியல் சிறப்புக் கற்கைநெறியின் இறுதியாண்டு மாணவி. கெசெல்கமு ஓயாவையும் மஸ்கெலி ஓயாவையும் அண்டிய பகுதியில், 15 கிலோமீற்றர் நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு சதுரத்தை எடுத்துக்கொண்டு, 2016 முதல் இன்றுவரை அகழ்வுத் தொழிலுக்காக எவ்வளவு நிலம் மாறியிருக்கிறது என்பதை ஆய்வுக் கட்டுரையாக எழுத முயல்கிறேன். கருங்கல் உடைக்கும் குவாரி, அதையொட்டிய கிரஷர் முற்றம், ஆற்றோரத்தில் மணல் அள்ளும் இடம், மாணிக்கக் குழி ஆகிய எல்லாவற்றையும் அகழ்வு என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியிருக்கிறேன்.

2024 பெப்ரவரியில் எடுக்கப்பட்ட, மேகம் மிகக் குறைந்த ஒரு சென்டினல்-2 (ஐரோப்பியச் செய்மதி) படத்தைத் தரவிறக்கி, காடு, தேயிலை, நீர், குடியிருப்பு, அகழ்வு என்று ஐந்து வகுப்புகளுக்கு மாதிரி இடங்களைக் குறித்து, ரேண்டம் ஃபொரஸ்ட் என்ற கணினி முறையில் வகைப்படுத்தினேன். மொத்தத் துல்லியம் 94 வீதம் என்று வந்தது. அகழ்வு நிலம் 400 ஹெக்டயருக்கும் அதிகம் என்றும் வந்தது. முதலாவது எண்ணைப் பார்த்து மகிழ்ந்த நான், இரண்டாவது எண்ணைப் பார்த்துத் திகைத்தேன். எங்கள் பகுதியை நான் சிறு வயதிலிருந்து நடந்து பார்த்தவள். அங்கே அவ்வளவு பெரிய அகழ்வு இருக்க வழியில்லை.

வரைபடத்தை அச்சிட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றபோது, சிவப்பு நிறத்தில் அகழ்வு என்று காட்டியிருந்த மிகப் பெரிய துண்டைப் பார்த்து அப்பா சிரித்துவிட்டார். "அது நம்ம லயத்துக்குப் பின்னால இருக்கிற ஏழாம் நம்பர் மலை. அந்த வருசம் தைப்பொங்கலுக்கு முன்னாலதான் கவ்வாத்து வெட்டினாங்க" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, கவ்வாத்து என்பது தேயிலைச் செடிகளின் கிளைகளை வெட்டிக் கழிப்பது. என் கணினி கவ்வாத்து மலையைக் கல்குவாரி என்று சொல்லியிருக்கிறது.

வகுப்புகளைக் கூட்டியும் மாதிரி இடங்களை மாற்றியும் பார்த்துவிட்டேன். கவ்வாத்து மலை நீங்கினால் மரக்கறித் தோட்டம் வந்து சேர்கிறது, அது நீங்கினால் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் வற்றிய கரை வந்து சேர்கிறது. நான் பிழைவிட்டது வகைப்படுத்தும் முறையிலா, தேர்ந்தெடுத்த படத்திலா, அல்லது கேள்வியிலேயேவா என்று தெரியவில்லை. மாணிக்கக் குழிகளை இப்படிப் பார்க்க இயலுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: படிம வாசகர்

தங்கை, பிழை மூன்று இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. கேள்வியில் இருப்பதுதான் பெரியது, ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

செய்மதி காண்பது நிலத்தின் போர்வையை மட்டுமே. எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அகழ்வு என்பது போர்வையின் பெயரன்று, மனிதர் அந்த நிலத்தை வைத்துச் செய்யும் காரியத்தின் பெயர். உடைத்த பாறை, குவித்த சரளை, தூசி படிந்த முற்றம், லொறிப் பாதை, கழிவுமண் மேடு, மழைநீர் தேங்கிய பழைய குழி என்று ஒரு குவாரிக்குள்ளேயே ஆறேழு போர்வைகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் குவாரிக்கு வெளியேயும் வேறு வேடத்தில் இருக்கின்றன. ஒரு நாள் எடுத்த ஒரே படத்தைக் கொண்டு இவற்றைப் பிரிப்பது, ஒரு மனிதரின் ஒரேயொரு புகைப்படத்தைப் பார்த்து அவர் தொழிலைச் சொல்ல முயல்வதற்குச் சமம்.

நம் மலையகத்தில் நிலம் ஏதோ ஒரு காரணத்தால் வெறுமையாவது அன்றாட நிகழ்ச்சி. கவ்வாத்து, மீள்நடுகை, கிழங்குப் பாத்தி, மண்சரிவு, வீதி அகலிப்பு, பற்றனைப் புல்வெளியில் வைத்த தீ, இவை எல்லாம் பெப்ரவரிப் படத்தில் ஒரே மாதிரித் தெரியும். வேறுபாடு அடுத்த மாதங்களில்தான் வெளிப்படும். கவ்வாத்து வெட்டிய மலை சில மாதங்களில் தளிர்க்கும். மரக்கறிப் பாத்தி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பச்சையாகும். வேலை நடக்கும் குவாரி பச்சையாகாது. ஆகவே படத்தின் நிறத்தைக் கேட்காமல், அந்த இடம் ஆண்டு முழுவதிலும் ஒரு தடவையாவது பச்சையானதா என்று கேளுங்கள்.

செய்முறை எளிது. கூகுள் ஏர்த் எஞ்சின் என்ற இணையத் தளத்தில் ஓர் ஆண்டின் எல்லாச் சென்டினல்-2 படங்களையும் எடுத்து, மேகத்தையும் மேக நிழலையும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்த ஆண்டின் மிக உயர்ந்த தாவரச் சுட்டெண்ணை (அண்மை அகச்சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்த, பச்சையைக் காட்டும் எண்) கணியுங்கள். நீக்காமல் தப்பிய ஒன்றிரண்டு பழுதான அளவீடுகள் முடிவைக் கெடுக்காமலிருக்க, உச்ச மதிப்புக்குப் பதிலாக 95ஆம் நூற்றுமானத்தை (அளவீடுகளில் 95 வீதம் அதற்குக் கீழே இருக்கும் மதிப்பை) எடுப்பது நல்லது. அது அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் 0.3 அளவுக்குக் கீழே இருந்தால் அந்த இடத்தை நிலையான வெறுநிலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 0.3 என்பதைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம், உங்களுக்கு நேரில் தெரிந்த இரண்டு குவாரிகளில் சோதித்து ஏற்றியோ இறக்கியோ கொள்ளலாம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் திறந்த நிலக்கரிச் சுரங்கங்கள் 1985 முதல் 2015 வரை ஆண்டுதோறும் எவ்வளவு பரவின என்பதை லான்ட்சாட் என்ற அமெரிக்கச் செய்மதிகளின் படங்களிலிருந்து கணித்து 2018இல் வெளியிட்டவர்களும் ஏறத்தாழ இந்த வழியையே பின்பற்றினார்கள்.

இப்படிச் செய்த பிறகும் கூரை, தார் வீதி, விளையாட்டு மைதானம், இயற்கைப் பாறைமுகம் ஆகியவை எஞ்சும். பாறைமுகத்தைக் கழிப்பதற்குப் பழைய படம் வேண்டும். உங்கள் பகுதி லான்ட்சாட்டில் பாதை 141, வரிசை 55 என்ற படச் சட்டகத்துக்குள் வருகிறது. லான்ட்சாட் 5 1984இல் ஏவப்பட்டது, 1999இல் ஏவப்பட்ட லான்ட்சாட் 7 2003 மே மாதம்வரை பழுதின்றி இயங்கியது, அதன் பிறகு வந்த படங்களில் கறுப்புக் கோடுகள் விழுகின்றன. 2000ஆம் ஆண்டளவிலேயே வெறும் பாறையாக இருந்த இடம் 2016இற்குப் பின் தோன்றிய குவாரியாக இருக்க முடியாது. ஆனால் லான்ட்சாட்டின் ஒரு பிக்சல் 30 மீற்றர், அதாவது 900 சதுர மீற்றர். ஓர் ஏக்கர் குவாரிக்கு நாலரைப் பிக்சல்தான் கிடைக்கும், விளிம்புகளைக் கழித்தால் ஒன்றிரண்டு.

சென்டினலுக்கு நம் ஊர்க் கணக்கில் ஒரு வாய்ப்பாடு சொல்கிறேன். 10 மீற்றர் பிக்சல் ஒன்று ஏறத்தாழ 4 பேர்ச் (ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்). ஓர் ஏக்கருக்கு 40 பிக்சல். ஆனால் வெறுநிலத்தைக் காட்டுவதில் மிகவும் உதவும் சிற்றலை அகச்சிவப்புப் பட்டைகள் இரண்டும் 20 மீற்றர், அவற்றின் ஒரு பிக்சல் 16 பேர்ச். மென்பொருள் அவற்றை 10 மீற்றராக மாற்றித் தரும், ஆனால் இல்லாத விவரத்தை அது உண்டாக்கித் தராது.

இனி நீங்கள் விழக்கூடிய ஒரு பள்ளம். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 தரவின் எண்களோடு 1000 கூட்டப்பட்டு வெளிவருகிறது. இதைக் கழிக்காமல் 2021ஐயும் 2022ஐயும் ஒப்பிட்டால் மலையகம் முழுவதும் ஒரே ஆண்டில் வாடிப்போனது போலத் தோன்றும். அண்மை அகச்சிவப்பு 3500, சிவப்பு 400 என்று இருக்கும் நல்ல தேயிலையின் சுட்டெண் 0.79. இரண்டோடும் 1000 கூட்டினால் அதே தேயிலை 0.53. ஏர்த் எஞ்சினில் இதைச் சரிசெய்த தொகுப்பு தனியாக இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். நான் இதை அறியாமல் ஒரு மாதம் முழுவதும் இல்லாத வறட்சி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பதில் 2: ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை

மகளே, செய்மதி எனக்குத் தெரியாது. கவ்வாத்து தெரியும் என்பதால் எழுதுகிறேன். தம்பி சொன்ன வழி நல்ல வழிதான், ஆனால் இரண்டு திருத்தம் வேண்டும்.

உயர்ந்த மலைகளில் ஒரு மலைக்குக் கவ்வாத்து நான்கு அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை வரும், கீழே போகப் போக மூன்றாண்டுக்கு ஒரு தடவை. வெட்டிய கிளைகளை நிலத்திலேயே பரப்பிவிடுவோம். ஆகவே மேலேயிருந்து பார்ப்பவருக்கு அது மண்ணாகத் தெரியாது, காய்ந்த சருகாகத் தெரியும். அது தளிர்த்து மறுபடி கொழுந்து எடுக்கிற காலத்தில் பச்சைதான். அந்த மலையைத் தம்பியின் சல்லடை தள்ளிவிடும்.

மீள்நடுகை அப்படியல்ல. பழைய தேயிலையை வேரோடு பிடுங்கிய பிறகு உடனே கன்று வைக்கமாட்டோம். ஒன்றரை ஆண்டு அல்லது இரண்டு ஆண்டுக்கு மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றுவோம். புல் ஒழுங்காக வந்தால் பச்சை. பணமில்லாமல், ஆளில்லாமல் புல் வைப்பதைத் தள்ளிப்போட்ட தோட்டங்களையும் நான் பார்த்திருக்கிறேன். பிடுங்கின மலை அப்படியே கிடந்து, மழையில் செம்மண் அரித்து, ஒன்றரை வருடம் கல்லும் மண்ணுமாகத் தெரியும். இளம் தேயிலை நிலத்தை மூடுவதற்கு அதற்கு மேலும் சில வருடம் பிடிக்கும். இரண்டு ஆண்டு என்ற தம்பியின் எல்லைக்குள் இவை மாட்டிக்கொள்ளும்.

இதைப் பிரிப்பதற்கு வடிவத்தைப் பார். மீள்நடுகை மலைக்கு எல்லை தோட்டத்து ரோட்டும் கானும் (வடிகால்)தான். குவாரிக்கு அந்த எல்லை கிடையாது, பாறை எங்கே போகிறதோ அது அங்கே போகும். தோட்டத்துக் காரியாலயத்தில் ஒவ்வொரு மலைக்கும் எண், ஏக்கர், கவ்வாத்து வெட்டிய மாதம் எல்லாம் பதிவிருக்கும். பணிவாகக் கேட்டால் துரைமார் சிலர் காட்டுவார்கள், சிலர் காட்டமாட்டார்கள். உன் அப்பாவைப் போல ஐந்து பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து வரைபடத்தைக் காட்டினால் பதிவேட்டுக்கு மேலேயே விஷயம் கிடைக்கும்.

இன்னொன்று. தோட்டத்து ரோட்டுக்கும் லயத்து அத்திவாரத்துக்கும் கல் உடைத்த சின்னச் சின்ன இடங்கள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பல தோட்டங்களில் இருந்தன. இன்று அவற்றில் உண்ணிச்செடியும் மானாப்புல்லும் மண்டிக் கிடக்கின்றன. அகழ்ந்த நிலம் என்று கணக்கெடுத்தால் அவையும் சேர வேண்டும், ஆனால் அவை உங்கள் படத்தில் பச்சையாகத்தான் இருக்கும்.

பதில் 3: படிம வாசகர்

ஐயா சொன்ன மீள்நடுகை விஷயம் என் எண்ணத்துக்கு எட்டவில்லை, நன்றி. அதற்கு நிறத்திலும் ஒரு துணை இருக்கிறது. மேலைச் சரிவுகளில் இருப்பது பெரும்பாலும் செம்மஞ்சள் பொட்சோல் மண். அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டு நீல ஒளியை விழுங்கிச் சிவப்பைத் திருப்புவதால், சிவப்புப் பட்டையை நீலப் பட்டையால் வகுத்தால் பெரிய எண் வரும். குவாரியில் மேல்மண் நீங்கியதும் வெளிப்படும் சார்னொக்கைட்டும் நைஸ் பாறையும் சாம்பல் நிறம், அங்கே அந்த விகிதம் 1ஐ நெருங்கும். மண்சரிவுத் தழும்பும் பிடுங்கிய தேயிலை மலையும் மண் பக்கம் நிற்கும், குவாரி பாறைப் பக்கம் நிற்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் சரிந்த மண்ணையும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு மலையகமெங்கும் விழுந்த தழும்புகளையும் அகழ்வு என்று எண்ணாமலிருக்க இது கைகொடுக்கும். ஆனால் கூரையும் தார் வீதியும் சாம்பல்தான் என்பதால் இதை மட்டும் நம்பவேண்டாம்.

மாத்தளை, திகன பக்கத்து டொலமைற்று வேறு கதை. அது வெள்ளையாக ஒளிர்வதால் கண்ணுக்கே பிடிபடும். அதன் காபனேற்றுக்குரிய உறிஞ்சல் 2.3 மைக்ரோமீற்றரை அண்டி இருக்கிறது. சென்டினலின் கடைசிப் பட்டை அதற்குச் சற்று முன்னரே முடிந்துவிடுகிறது. அஸ்டர் என்ற வேறொரு செய்மதிக் கருவிக்கு அங்கே பட்டை இருந்தது, ஆனால் அந்தச் சிற்றலைப் பகுதி 2008 ஏப்ரலில் செயலிழந்துவிட்டது. இந்தப் பந்தி உங்கள் சதுரத்துக்குத் தேவையில்லை, பின்னால் வாசிப்பவர்களுக்காக எழுதினேன்.

கேள்வி தொடர்ச்சி: நோர்ட்டன் மாணவி

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. ஆண்டு உச்சச் சுட்டெண் முறையில் இரண்டு நாட்களாக வேலை செய்தேன். ஏழாம் நம்பர் மலை மறைந்துவிட்டது. மரக்கறித் தோட்டங்கள் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிட்டன. 2016ஆம் ஆண்டு மட்டும் ஒழுங்காக வரவில்லை. இரண்டாவது செய்மதி 2017 மார்ச்சில்தான் ஏவப்பட்டது என்பதால் அந்த ஆண்டில் படங்கள் குறைவு, மேகமும் அதிகம். ஆய்வை 2018இலிருந்து தொடங்கினால் அடுத்தடுத்த ஆண்டுகளை ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். மாணிக்கக் குழி பற்றி யாராவது சொல்லுங்கள்.

பதில் 4: பலாங்கொடை வாசகன்

மாணிக்கக் குழியைப் பற்றி நான் சொல்லலாம், எங்கள் வீட்டில் மூன்று பேர் குழியில் இறங்கியவர்கள்.

பழைய முறைக் குழியின் வாய் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று மீற்றர் இருக்கும். மரக்குற்றிகளை அடுக்கி, இடுக்குகளில் கெகில்லப் பன்னத்தைச் செருகி, நீரை இறைத்துக்கொண்டே இல்லம் படியும்வரை இறங்குவார்கள். இல்லம் என்பது மாணிக்கக்கல் தங்கியிருக்கும் சரளைப் படை. மேலே ஒரு சிறு ஓலைக் கூரை. இவ்வளவும் சேர்ந்தாலும் உங்கள் ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் வரும், அதுவும் மரத்தடியில். சட்டப்படி செய்பவர் குழியை மூடுவதற்கென மாணிக்கக்கல் அதிகார சபையிடம் வைப்புப் பணம் கட்ட வேண்டும், மூடிய பிறகுதான் அது திரும்பக் கிடைக்கும். ஒழுங்காக மூடிய குழி ஓராண்டில் வயலாகவோ தோட்டமாகவோ திரும்பிவிடும். படத்தில் இதைத் தேடுவது வீண்.

பெக்கோ இயந்திரத்தைக் கொண்டு ஆற்றங்கரையைப் புரட்டும் அகழ்வு வேறு. அது ஏக்கர் கணக்கில் தெரியும். அதைவிடத் தெளிவாக ஆற்று நீர் காட்டும். இல்லத்தைக் கழுவிய சேறு ஆற்றில் சேர்ந்தால், சிவப்புப் பட்டையில் நீர் வழக்கத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். கெசெல்கமு ஓயா சில மீற்றர் அகலம்தான், அதைப் பத்து மீற்றர் பிக்சலில் தனியாகப் பிடிக்க முடியாது. ஆனால் அது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் வாயில் போதிய அகலம் இருக்கிறது. மழையில்லாத ஒரு வாரத்தின் பின்னும் அந்த வாய் மட்டும் கலங்கியிருந்தால் மேலே ஏதோ நடக்கிறது என்று சந்தேகிக்கலாம். சந்தேகிக்கலாம் என்று மட்டும்தான் சொல்கிறேன், வீதி வேலையும் அதே நிறத்தைத் தரும்.

இப்போது நான் வலியுறுத்த விரும்புவது. அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தால் அதன் ஆள்கூறுகளை ஆய்வேட்டில் போடாதீர்கள். பொகவந்தலாவைப் பக்கம் அனுமதியில்லாத அகழ்வு என்று செய்தி வரும்போதெல்லாம் பிடிபட்டுப் பொலிஸ் ஜீப்பில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் நாட்கூலிக்கு மண் சுமந்தவர்கள். இயந்திரத்தின் சொந்தக்காரர் அந்த நேரத்தில் அங்கே இருப்பது அபூர்வம். உங்கள் வரைபடத்தை முதலில் பயன்படுத்தப்போவது யார் என்று யோசியுங்கள்.

பதில் 5: அளவுச்சங்கிலி

முன்னவரின் கடைசிப் பந்தியோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். ஆற்றையும் நீர்த்தேக்கத்தையும் கெடுக்கும் அகழ்வை மறைத்துவைப்பது கீழே தண்ணீர் குடிப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் மாணவி ஒருவரின் ஆய்வேடு முறைப்பாட்டு மனுவன்று. உப நீரேந்துப் பகுதி வாரியாகப் பரப்பைக் கூட்டி வெளியிட்டால் நீரின் நிலையும் தெரியும், தனியொருவரின் குழியும் தெரியாது.

அனுமதியுள்ளது, இல்லாதது என்று வகுப்புப் பிரிக்கும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். கல்லுக்கும் மணலுக்கும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டத்தின்கீழ் புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகம் உரிமம் வழங்குகிறது. மாணிக்கத்துக்கு 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மாணிக்கக்கல், தங்க ஆபரண அதிகார சபை. இந்த உரிம எல்லைகள் காணி வரைபடத்தில் இருக்கின்றன, மலையில் வேலி போட்டு வைப்பதில்லை. உரிமம் பெற்ற பத்து ஏக்கரில் மூன்று ஏக்கரை மட்டும் உடைத்திருப்பார்கள், அல்லது கிரஷர் முற்றம் எல்லைக்கு வெளியே இருக்கும். படம் காட்டுவது குலைந்த நிலத்தை, காகிதம் காட்டுவது உரிமையை. ஒன்றை மற்றொன்றின் சாட்சியாக்க முடியாது.

ஆள்கூற்று முறையைச் சரிபாருங்கள். சென்டினல் படம் யூ.டி.எம். என்ற உலகப் பொது ஆள்கூற்று முறையின் 44 வடக்கு வலயத்தில் வருகிறது. நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்கள் பீதுருதாலகாலையை மையமாகக் கொண்ட இலங்கைத் தேசிய வலையில் இருக்கின்றன. அந்த வலையிலும் மையத்துக்குப் பழையது கொடுக்கும் எண் 200,000 மீற்றர், புதியது கொடுப்பது 500,000 மீற்றர். க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பழையதற்கு 5234, புதியதற்கு 5235. பெயரளவில் ஒத்த தவறான தெரிவு ஒன்றினால் ஒரு குவாரி முழுவதும் அடுத்த தோட்டத்தில் போய் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அதிகம் உறுத்துவது அந்த 94 வீதம். உங்கள் சதுரம் 22,500 ஹெக்டயர். அதில் அகழ்வு 100 ஹெக்டயர் என்று வையுங்கள். எல்லாவற்றையும் காடு, தேயிலை என்று எழுதி, அகழ்வு எதுவுமே இல்லை என்று சொல்லும் வரைபடம்கூட அகழ்வைப் பொறுத்தவரை 99.5 வீதம் சரிதான். மறுபக்கம், அகழ்வல்லாத நிலத்தில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறுதலாக அகழ்வு என்று எழுதினால் 224 ஹெக்டயர் கூடிவிடும், உண்மையான அகழ்வைப் போல் இருமடங்குக்கும் மேல். உங்கள் 400 ஹெக்டயர் அப்படி வந்ததுதான். அரிதான வகுப்புக்கு மொத்தத் துல்லியம் ஒன்றும் சொல்வதில்லை. அகழ்வு என்று வந்த பிக்சல்களில் நூறு, வராத நிலத்தில் சில நூறு என்று குலுக்கலில் எடுத்து, கூகுள் ஏர்த்தின் பழைய படங்களிலும் நேரிலும் பார்த்துச் சரிபாருங்கள். அந்த முடிவைக் கொண்டு பரப்பைத் திருத்தி, கூடக்குறைய எவ்வளவு என்ற எல்லையோடு எழுதுங்கள். கூகுள் ஏர்த் படம் செங்குத்துச் சரிவுகளில் சில மீற்றர் விலகி நிற்கும், அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி தொடர்ச்சி: நோர்ட்டன் மாணவி

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மாணிக்கக் குழிகளை நில அளவீட்டிலிருந்து எடுத்துவிட்டு, நீர்த்தேக்க வாயின் கலங்கலை மட்டும் தனி அத்தியாயமாக வைத்திருக்கிறேன். ஆள்கூறுகளை வெளியிடப்போவதில்லை, அளவுச்சங்கிலி சொன்னபடி உப நீரேந்துப் பகுதி வாரியாகக் கூட்டிவிட்டேன்.

சல்லடையில் எஞ்சியவை 31 இடங்கள். அவற்றை அப்பாவுக்கும், ஓய்வுபெற்ற இரண்டு கங்காணிமாருக்கும், பஸ் சாரதியான மாமாவுக்கும் காட்டினேன். கோயில் முற்றம், பாடசாலை மைதானம், நீர்மின் நிலையத்துச் சுரங்க வழியிலிருந்து வெளியே கொட்டிய பழைய கல்மேடு, தேயிலைத் தொழிற்சாலைக் கூரை என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்கள். மீள்நடுகைக்காகப் பிடுங்கி, புல் வைக்காமல் விட்ட மலைகள் மூன்று இருந்தன. கணக்கப்பிள்ளை ஐயா சொன்னது அப்படியே நடந்தது, மூன்றுக்கும் எல்லை தோட்டத்து ரோட்டுதான். கடைசியில் குவாரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டவை ஒன்பது. அவற்றில் இரண்டு என் முதல் வரைபடத்தில் வரவேயில்லை, 20 மீற்றர் உயரமான பாறைமுகத்தின் நிழலைக் கணினி நீர் என்று எழுதியிருந்தது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அப்பாவுக்கும் மாமாவுக்கும் கருத்து ஒக்கவில்லை. 2019 வரை பச்சை, 2020 முதல் சாம்பல், ஒரு லொறிப் பாதையும் தெரிகிறது. அப்பா கல் உடைக்கிறார்கள் என்கிறார். மாமா யாரோ விடுதி கட்டுவதற்கு மலையை வெட்டிச் சமப்படுத்தி இடையில் விட்டுவிட்டார்கள் என்கிறார். விடுதிக்காக வெட்டிய கல்லை லொறியில் ஏற்றி விற்றிருந்தால் அதை எந்த வகுப்பில் சேர்ப்பது?

பதில் 6: படிம வாசகர்

2018 முதல் ஆண்டுதோறும் அந்த வெறுநிலத்தின் பரப்பை ஒரு கோடாக வரைந்து பாருங்கள். விடுதிக்கு வெட்டியதென்றால் முதல் ஆண்டிலேயே முழுப் பரப்பும் வந்து அப்படியே நிற்கும். கல் எடுப்பதென்றால் ஆண்டுக்கு ஆண்டு பாறைப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். இரண்டும் நடந்திருந்தால் கோட்டில் ஒரு முறிவு தெரியும். அதன் பிறகு நேரில் போய் வாருங்கள், பாறையில் துளையிட்ட அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் போகவேண்டாம்.

கேள்வி தொடர்ச்சி: நோர்ட்டன் மாணவி

வரைந்தேன். 2020இல் ஒரேயடியாக 60 பிக்சல், அடுத்த இரண்டு ஆண்டுகள் அசையவில்லை, 2023 முதல் மேற்குப் பக்கமாக மறுபடி கூடுகிறது. மாமா சொன்னது முதல் பாதிக்கும் அப்பா சொன்னது இரண்டாம் பாதிக்கும் பொருந்துகிறது. இருவரும் ஞாயிற்றுக்கிழமை என்னோடு வருகிறார்கள்.